ஒற்றை ஆள் தூக்கிய பேட்டரி

கடைத்தெருவில் அவனுக்குப் பெயர் என்று ஒன்று இருப்பதே யாருக்கும் ஞாபகம் இல்லை. பேட்டரிக்காரர் என்றால் போதும், சின்னக் குழந்தைகூடக் கடையைக் காட்டிவிடும். சட்டை முழுக்கப் பொட்டுப் பொட்டாக ஓட்டை. ஆசிட் தெறித்த இடம் அன்றைக்குத் தெரியாது, இரண்டு சலவை கழித்து இற்றுப்போகும். புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தால், "என்ன பேட்டரிக்காரரே, இன்னைக்கு காத்தோட்டத்தைக் காணோம்" என்பார்கள். அவனைத் தம்பி என்று கூப்பிட இந்த உலகத்தில் ஒரே ஒரு வாய்தான் உண்டு. அது அவன் அக்காவின் வாய். அன்றைக்குப் பகல் பதினொன்றரை மணிக்கு ஃபோனில் வந்ததும் அதுதான்.

"தம்பி, காலையில கரண்ட் போச்சுடா. இன்வெர்ட்டர் பன்னெண்டே நிமிசத்துல நின்னுபோச்சு. உங்க அத்தானுக்கு உதடெல்லாம் நீலம் பூத்துப்போச்சு."

"இப்ப எப்படிக்கா இருக்காரு?"

"மாடி வீட்டு டீச்சர் ஓடி வந்து அந்தச் சின்ன ஆக்ஸிஜன் சிலிண்டரைத் திறந்து விட்டாங்க. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. இப்ப கரண்ட் வந்துடுச்சு, மெஷின் ஓடுது. மறுபடி நாலு மணிக்குப் போகுமாம். நீ வந்து பாருடா. நான்தான் என்னமோ தப்பு பண்ணிட்டேன் போலிருக்கு."

தப்பு அவள் பண்ணினாளாம். ஃபோனைப் பிடித்திருந்தவனின் முகத்தில் ஈயாடவில்லை.

ஏனென்றால் அந்த பேட்டரி ஏன் நின்றது என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். ஐந்து மாதத்துக்கு முன்பே தெரியும். எத்தனை மாதத்தில் நிற்கும் என்றுகூட ஒரு கணக்கு வைத்திருந்தான்.

அத்தான் முப்பது வருடம் லாரி ஓட்டியவர். புகையும் தூசியும் குடித்துக் குடித்து நுரையீரல் சுருங்கிப் போய், இப்போது மூக்கில் குழாய் மாட்டிக் கட்டிலோடு கிடக்கிறார். கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்ஸிஜன் மெஷின். காற்றை இழுத்து, வடிகட்டி, அவருக்கு மூச்சாகக் கொடுக்கும். கரண்ட் இருந்தால்தான் கொடுக்கும். அந்த வட்டாரத்திலோ வாரத்தில் மூன்று நாளாவது ஒன்றரை மணி நேரம் கரண்ட் போகும். அந்த ஒன்றரை மணி நேரத்துக்கு அவருடைய உயிர் ஒரு பேட்டரியில் இருந்தது. அந்த பேட்டரியைக் கொடுத்தவன் இவன்.

கடையில் இவன் பேசுவதைக் கேட்க வேண்டும். யாராவது ஒருவர் வந்து, "வண்டி பேட்டரி ஒண்ணு இருக்கு, அதையே வீட்டு இன்வெர்ட்டருக்கு மாட்டிக்கலாமா?" என்று கேட்டுவிட்டால் போச்சு. ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்துவிடுவான். "வண்டிக்கு உள்ளது வேற, வீட்டுக்கு உள்ளது வேற. வண்டி பேட்டரிக்குள்ள தகடு மெல்லிசு. செல்ஃப் எடுக்கிற நாலு செகண்டுக்கு மூச்சைப் பிடிச்சு ஒரே தள்ளு தள்ளும், அப்புறம் இன்ஜினே அதைச் சார்ஜ் பண்ணிக் காப்பாத்தும். அதைக் கொண்டுவந்து மணிக்கணக்கா மெதுவா உறிஞ்சினா, தகட்டுல இருக்கிற மருந்தெல்லாம் உதிர்ந்து அடியில வண்டலாயிடும். அஞ்சாறு மாசத்துல கதை முடிஞ்சது. வீட்டுக்கு ட்யூபுலர்தான் போடணும். தகடு குழாய் குழாயா, தடியா இருக்கும். தண்ணியை மட்டும் ஒழுங்கா பாத்துக்கிட்டா வருசக்கணக்குல கிடக்கும்." இவ்வளவும் சொல்லிவிட்டு, கல்லாவுக்கு மேலே தன் கையாலேயே எழுதி மாட்டியிருந்த அட்டையைக் காட்டுவான். வண்டி பேட்டரியை வீட்டுக்குக் கேட்காதீர்கள். பெரிய யோக்கியன்.

அந்த யோக்கியன் அக்காவுக்குக் கொடுத்தது லாரி பேட்டரி.

நடந்தது இதுதான். அத்தானை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிய அன்று கடையில் ஒரே ஒரு ட்யூபுலர் இருந்தது. அக்காவுக்கென்று ஒதுக்கித்தான் வைத்திருந்தான். ஜெராக்ஸ் கடைக்காரர் வந்து நின்றார். அவசரம், இப்பவே வேணும், இல்லேன்னா வேற கடை பாத்துக்கிறேன் என்றார். அக்கா எங்கே போகப் போகிறாள்? அக்காதானே. பத்து நாளில் புதுச் சரக்கு வந்ததும் மாற்றிவிடலாம். இப்படி நினைத்தான், ட்யூபுலரை ஜெராக்ஸ் கடைக்குக் கொடுத்தான். மூலையில் கிடந்த லாரி பேட்டரியைத் துடைத்தான். அதன் முகத்தில் 'வாகனங்களுக்கு மட்டும்' என்று சிவப்பில் ஒட்டியிருந்த தாளைப் பிளேடு வைத்து நிதானமாகச் சுரண்டி எடுத்தான். எடுத்ததைக் கசக்கிக் குப்பையில் போட்டுவிட்டு, பேட்டரியைத் தோளில் ஏற்றிக்கொண்டு, விசிலடித்தபடி அக்கா வீட்டுப் படியேறினான்.

காசை எடுத்துக்கொண்டு வந்த அக்காவிடம், "உன்கிட்ட வாங்கினா நான் மனுசனா? அத்தானுக்கு நான் குடுக்கிறது" என்று வேறு சொன்னான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம், மருந்துக்கடையில், கரண்ட் ஆபீஸில், மாடி வீட்டு டீச்சரிடம், "என் தம்பி சும்மாவே குடுத்தான்" என்று ஒரே பாட்டு. புதுச் சரக்கு பத்து நாளில் வரத்தான் செய்தது. வந்ததெல்லாம் கடைக்கு வந்து நின்று கேட்டவர்களுக்குப் போனது. அவள் கேட்கவில்லை, அதனால் அவளுக்குக் கிடைக்கவில்லை. போன மாதம், "இன்வெர்ட்டர் சீக்கிரமே கத்துதுடா" என்று அவள் ஃபோனில் சொன்னபோதுகூட, வந்து பார்க்கிறேன் என்று தட்டிக் கழித்தான். அவள் முகத்துக்கு எதிரே அந்த பேட்டரிப் பெட்டியைத் திறக்க அவனுக்குத் தைரியம் இல்லை.

இன்றைக்குத் திறந்தே ஆக வேண்டும்.

அவன் போனபோது அத்தான் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உதட்டில் நிறம் திரும்பியிருந்தது. மெஷின் புஸ் புஸ்ஸென்று ஓடிக்கொண்டிருந்தது. அக்கா கண் வீங்க, கையில் ஒரு நாற்பது பக்க நோட்டுடன் நின்றாள்.

"உக்காராதே, முதல்ல பாரு" என்றாள்.

பெட்டியின் மூடியைத் திறந்து, ஆறு அடைப்பான்களையும் கழற்றினான். ஆசிட்டின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரை விட்டு உறிஞ்சிப் பார்த்தான். கண்ணாடிக் குழாய்க்குள் மிதவை எழும்பவே இல்லை, அடியிலேயே கிடந்தது. ஆறிலும் அப்படித்தான், பேட்டரி செத்துப்போயிருந்தது. ஆனால் ஆறு அறையிலும் தண்ணீர் கோடு போட்டதுபோல் ஒரே மட்டத்தில் நின்றது. இத்தனை வருடத் தொழிலில் இவ்வளவு ஒழுங்காகப் பராமரித்த பேட்டரியை அவன் பார்த்ததில்லை. முனைகளில் துளி வெள்ளைப் பூப்புக்கூட இல்லை, வாஸலின் தடவி வைத்திருந்தாள்.

"நீ சொன்ன மாதிரியேதான் செஞ்சேன்" என்று அக்கா நோட்டை நீட்டினாள். எந்தத் தேதியில் கரண்ட் போனது, எப்போது வந்தது, எந்த அறைக்கு எவ்வளவு தண்ணீர் ஊற்றினாள் என்று பென்சிலில் வரிவரியாக எழுதியிருந்தாள். "நடுவுல ஒரு தடவை மட்டும் விட்டுப்போச்சுடா. அவருக்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில ஒன்பது நாள் இருந்தோம்ல, அப்ப. வந்ததும் ஊத்தினேன். அதுக்குள்ள கெட்டுப் போயிருக்குமா? அதுல ஏதோ தாள் ஒட்டியிருந்த தடம் மட்டும்தான் இருக்கு. நான்தான் ஈரத்துணியில தொடைச்சுத் தொடைச்சு உரிச்சுட்டேன் போல. சொல்லுடா. அந்த ஒன்பது நாளாலதானா?"

இல்லை என்ற ஒரே சொல்லைச் சொல்லியிருக்கலாம். ஹைட்ரோமீட்டரைப் பார்த்துக்கொண்டே, "தண்ணி மட்டம் இறங்கினா தகடு காஞ்சு போயிடும்க்கா. அப்படித்தான் ஆகும்" என்றான்.

வாய் கூசாமல் சொன்னான் என்று சொல்ல முடியாது. கூசிற்று, ஆனாலும் சொன்னான்.

அக்கா நோட்டை மூடினாள். கட்டிலண்டை போய் அத்தானின் காலைப் பிடித்துக்கொண்டாள். "நான்தான்ங்க. நான்தான் உங்களை இன்னைக்கு அனுப்பி வைக்கப் பார்த்தேன். தம்பி ஆசையா குடுத்த சாமானை, ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தி வெச்சுக்கத் துப்பில்லை எனக்கு" என்றாள். அழுதாள். அத்தான் அவள் தலையில் கை வைத்தார். அவருடைய கண் மட்டும் அவள் தலைக்கு மேலாக இவனைப் பார்த்தது.

அவள் முகம் கழுவிக்கொண்டு டீ போட உள்ளே போனாள். அத்தான் விரலை அசைத்துக் கூப்பிட்டார். அவருக்கு நான்கு சொல்லுக்கு ஒரு முறை மூச்சு வாங்க வேண்டும்.

"மச்சான். இந்த பேட்டரியோட... அண்ணன் தம்பி ரெண்டு பேரு... என் வண்டியில இருந்தாங்க."

அவன் பேட்டரியின் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"தாளைச் சுரண்டினா... எனக்கு அடையாளம் தெரியாதா? முப்பது வருசம்... அதுங்களோட குடும்பம் நடத்தியிருக்கேன்."

"அத்தான், எப்ப..."

"நீ கொண்டுவந்து வெச்ச... அன்னைக்கே."

"அப்பவே என்னைக் கேட்டிருக்கலாமே அத்தான்."

"மாத்திடுவேன்னு நெனச்சேன். அப்புறம் அவ... ஊரெல்லாம் தம்பி தம்பின்னு... பெருமை பேச ஆரம்பிச்சுட்டா. நான் எங்க... வாயைத் திறக்கிறது?" கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "அதான்... ஃபேனைப் போட விடல."

ஃபேன் விஷயம் இவனுக்கும் தெரியும். அக்கா ஒவ்வொரு தடவையும் சொல்லிச் சிரிப்பாள். கரண்ட் போனால் போதும், உங்க அத்தான் ஃபேனை நிறுத்து, லைட்டை நிறுத்துன்னு உயிரை எடுக்கிறார்டா, வேர்த்து ஊத்தினாலும் கேக்க மாட்டார், வயசானா இப்படியா பிடிவாதம் வரும் என்பாள். இவனும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறான். ஐந்து மாதமாக அந்த மனிதர் இருட்டில் வேர்வையில் நனைந்து கிடந்தது, இவனுடைய குட்டு உடையாமல் இருக்க. தலையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் மெஷினின் டயலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என் மூச்சு கிடக்கட்டும் விடு" என்றார் அத்தான். "அவ அழுதா பாரு... அது நியாயமில்லை."

"சொல்லிடறேன் அத்தான்."

"சொல்லு."

டீ வந்தது. குடித்தான். சொல்லவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "நாலு மணிக்குள்ள வேற கொண்டுவந்து மாட்டிடறேன்க்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினான். அக்கா வாசல் வரை வந்து, "உனக்கு எவ்வளவு கஷ்டம் குடுக்கிறேன் பாரு" என்றாள். அந்தப் படிகளை அவன் எப்படி இறங்கினான் என்று அவனுக்கே தெரியாது.

கடையில் முழுச் சார்ஜ் ஏறிய ட்யூபுலர் ஒன்று இருந்தது. ஃபோட்டோ ஸ்டூடியோக்காரருக்குச் சொல்லி வைத்தது. அவரும் சொல்லி வைத்தாற்போல் வந்து நின்றார். "நாளைக்குத்தான் ஆகும்" என்றான். அவர் என்னென்னவோ சொல்லிப் பார்த்தார், வேறு கடைக்குப் போவேன் என்றும் சொன்னார். போங்க என்று சொல்லிவிட்டான். ஐந்து மாதத்துக்கு முன்னால் இதே சொல்லை ஜெராக்ஸ்காரரிடம் சொல்ல எத்தனை நேரம் ஆகியிருக்கும். பக்கத்து வெல்டரைக் கூப்பிட்டு, ஆளுக்கொரு பக்கம் பிடித்து பேட்டரியைச் சரக்கு ஆட்டோவில் ஏற்றினார்கள்.

வழியெல்லாம் மனதுக்குள் ஒத்திகை பார்த்தான். ஆட்டோக்காரர் அக்கா வீட்டு வாசலில் இறக்க ஒரு கை கொடுத்தார், இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "இதுக்கு மேல நம்மால ஆகாது" என்று போய்விட்டார். மணி மூன்று இருபது. பேட்டரி படிகளுக்குக் கீழே தரையில் நின்றது. ஐந்து படி ஏற வேண்டும். இவன் இரண்டு கைப்பிடிக் கயிற்றையும் சேர்த்துப் பிடித்து ஒரு மூச்சு இழுத்துப் பார்த்தான். ஒரு சாண் எழும்பித் தொப்பென்று உட்கார்ந்தது.

சத்தம் கேட்டு அக்கா வந்துவிட்டாள். "நகரு, ஒரு பக்கம் நான் பிடிக்கிறேன்" என்றாள்.

"வேணாம்க்கா, முட்டி வலி உனக்கு."

"மணி ஆகுதுடா." குனிந்து கயிற்றைப் பிடித்தாள். இருவரும் தூக்கினார்கள். முதல் படியில் வைப்பதற்குள் அவள் முகம் சிவந்துவிட்டது. கையை உதறிக்கொண்டாள். உள்ளங்கையில் கயிறு பதிந்திருந்தது.

"என்னடா இது, இந்தக் கனம் கனக்குது?" என்றவள் சிரித்தாள். "போன தடவை நீ ஒத்த ஆளா தோள்ல வெச்சுக்கிட்டு, விசிலடிச்சுக்கிட்டு வந்தியே."

சொல்லிவிட்டு அவள் காத்திருக்கக்கூட இல்லை, அடுத்த படிக்குத் தூக்கக் குனிந்தாள். இது பெரிய சைஸ்க்கா என்ற பதில் அவன் நாக்கு நுனியில் தயாராக நின்றது. தொழில்காரன் வாயில் பதிலுக்கா பஞ்சம்? அவளும் நம்பியிருப்பாள். அவள் அதை நம்புவாள் என்பதுதான் அவனால் தாங்க முடியாததாக இருந்தது.

"அது வீட்டு பேட்டரி இல்லக்கா" என்றான். "லாரி பேட்டரி."

அக்கா நிமிர்ந்தாள். "மாத்திக் குடுத்துட்டியா, தெரியாம?"

தப்பித்துப் போகட்டும் என்று அவளே வழி விடுகிறாள். எப்போதும் அப்படித்தான்.

"தெரிஞ்சுதான் குடுத்தேன்."

அவன் எல்லாவற்றையும் சொன்னான். ஜெராக்ஸ் கடைக்காரரை, பத்து நாளை, அவள் ஃபோனில் கேட்டும் வராமல் இருந்ததை. கோர்வையாக வரவில்லை. ஒத்திகை பார்த்ததில் ஒரு வாக்கியம்கூட உதவவில்லை.

"அந்தத் தாளு?" என்று கேட்டாள்.

"நான்தான் சுரண்டினேன். பிளேடு வெச்சு."

"அப்ப நான் தண்ணி ஒழுங்காத்தான் ஊத்தினேனா?"

"உன்னை மாதிரி யாருமே ஊத்தினதில்லக்கா."

"மத்தியானம் கேட்டேனே. என்னாலதானான்னு கேட்டேனே."

"பொய் சொன்னேன்."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். திட்டுவாள், அறைவாள் என்று எதிர்பார்த்தான். அறைந்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தான்.

"அவருக்குத் தெரியுமா?"

"முதல் நாளே தெரியுமாம். அதனாலதான் ஃபேனை..."

அக்கா வெகுநேரம் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்தாள். "மணி மூணே முக்கால் ஆகப்போகுது" என்று குனிந்து கயிற்றைப் பிடித்தாள். மிச்ச நான்கு படியையும் ஏறினார்கள். அவள் முட்டி கடகடத்தது அவனுக்குக் கேட்டது. நடுவில் இறக்கி வைக்கலாமா என்று கேட்டான். அவள் அடுத்த படிக்குத் தூக்கினாள்.

பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டினான். முனைகளை முறுக்கும்போது ஸ்பானர் இரண்டு முறை நழுவியது. நான்கு மணிக்குச் சொன்னபடி கரண்ட் போனது. மெஷின் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை, புஸ் புஸ்ஸென்று ஓடிக்கொண்டே இருந்தது. அக்கா எழுந்து போய் ஃபேன் சுவிட்சைப் போட்டாள். அத்தான் பழக்கதோஷத்தில் வேண்டாமென்று கையைத் தூக்கினார். அவள் முகத்தைப் பார்த்தார். கையை இறக்கிக்கொண்டார். ஃபேன் சுற்றியது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

மாடிப்படியில் காலடி கேட்டது. "சத்தம் கேட்டுச்சே, சார் நல்லா இருக்காரா? யார் வந்திருக்காங்க?" என்று டீச்சர் மேலே இருந்தே குரல் கொடுத்தார்.

அக்கா கதவண்டை போனாள்.

"நல்லா இருக்காரு டீச்சர்" என்றாள். "பேட்டரிக்காரர் வந்திருக்காரு."

ஸ்பானரைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றான். டீச்சர் சரி என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டார். பழைய பேட்டரியை எடுத்தான். ஒற்றை ஆளாகத் தோளில் ஏற்றிக்கொண்டான். சாதாரணமாகவே ஏறியது. அத்தான் கண்ணைத் திறக்கவில்லை.

"வர்றேன்க்கா" என்றான்.

அவள் நோட்டைத் திறந்து புதுப் பக்கத்தில் தேதியை எழுதிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"இதுக்குத் தண்ணி எத்தனை நாளைக்கு ஒரு தடவை ஊத்தணும்னு சொல்லிட்டுப் போங்க" என்றாள்.

அவன் சொன்னான். அவள் எழுதிக்கொண்டாள்.